பர்க்: ஒரு பெயரும் இரண்டு பலிபீடங்களும்

டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பர்க் குலத்தின் வரலாற்றைச் சொல்லும் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ பகுதியை ஆண்ட ஷான் மக் ஆலிவர் பர்க் என்ற தலைவருக்காக 1570களில் எழுதப்பட்டது. பாதி ஐரிஷ், பாதி லத்தீன். யார் யாருக்குப் பிறந்தார், எந்த நிலம் யாருடையது, எந்த ஊர் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. நடுவே வண்ணப் படங்கள் வருகின்றன. கவசம் பூண்டு ஆயுதம் ஏந்திய பர்க் மூதாதையர் சில பக்கங்களில் நிற்கிறார்கள். குலச் சின்னமும் உண்டு: பொன்னிறத்தில் செஞ்சிலுவை, அதன் ஒரு மூலையில் கருஞ்சிங்கம். அதே சுவடியில் கிறிஸ்துவின் பாடுகளும் வரையப்பட்டிருக்கின்றன.

வம்சாவளிக்கும் வரிக்கணக்குக்கும் நடுவில் கிறிஸ்துவின் பாடுகள் எதற்கு? சுவடியை எழுதச் சொன்னவருக்கு இந்தக் கேள்வி தோன்றியே இருக்காது. அவருக்கு நிலம், பெயர், வேதம் மூன்றும் ஒரே சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்கு ஒன்றாகவே இறங்கி வருவது. ஆனால் அந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, எது வேண்டும் என்று கேட்கும் சட்டங்கள் அவருடைய குலத்தைத் தேடி வந்தன. கடவுள் நம்பிக்கை பிறப்பால் வருகிறதா, ஒருவர் தாமே ஏற்றுக்கொள்வதா என்பது மெய்யியல் வகுப்பில் நிதானமாக அலசக்கூடிய கேள்வி. பர்க் என்ற பெயரைச் சுமந்தவர்களுக்கோ அது வீட்டையும் வயலையும் பணயம் கேட்ட கேள்வி. அதனால்தான் இந்தப் பெயரின் கதையைப் பின்தொடர்வது பயனுள்ளது.

கதை இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், பர்க் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நார்மன் வீரர் வில்லியம் டி பர்க், 1185இல் இளவரசர் ஜானுடன் அயர்லாந்துக்கு வந்தார். அவருக்கு முன் வந்த நார்மன்களைப் போலவே அவரும் வாளோடு வந்தவர்தான். ஆனால் அந்தப் படையெடுப்புக்கு ஒரு சமயக் காரணமும் சொல்லப்பட்டிருந்தது. ஐரிஷ் திருச்சபை சீர்கெட்டுக் கிடக்கிறது, அதைத் திருத்த மன்னர் இரண்டாம் ஹென்றி அயர்லாந்துக்குள் நுழையலாம் என்று போப் நான்காம் ஏட்ரியன் 1155இல் அனுமதி கொடுத்ததாக ஒரு ஆணை காட்டப்பட்டது. நமக்குக் கிடைக்கும் வாசகம் உண்மையானதுதானா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். அன்று அதை நம்பியவர்கள் ஏராளம். போப்பின் பெயரைச் சொல்லி உள்ளே வந்தவர்களின் வழித்தோன்றல்கள், பின்னாளில் போப்பை விடமாட்டோம் என்று சொன்னதற்காகவே நிலத்தை இழந்தார்கள்.

வில்லியம் திப்பரரி பகுதியில் அத்தாசல் என்ற இடத்தில் அகஸ்தீனியத் துறவிகளுக்கு மடம் கட்டிக்கொடுத்தார். அயர்லாந்தின் பெரிய மடங்களில் ஒன்று அது. அதன் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். கோனாக்ட் பகுதியில் கோயில்களையும் மடங்களையும் கொள்ளையடித்தவரும் அவரேதான். 1205ஆம் ஆண்டு முடிவதற்குள்ளோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ அவர் இறந்தபோது, ஐரிஷ் ஆண்டேடுகளை எழுதியவர்கள் தயங்காமல் தீர்ப்பெழுதினார்கள்: தாங்கள் சூறையாடப்பட்டதற்காகப் புனிதர்கள் பழிவாங்கினார்கள், சொல்லக் கூசும் நோய் அவரைக் கொன்றது. ஒரு கையால் கட்டி மறு கையால் இடித்த அந்த மனிதருக்கு எந்த நம்பிக்கை இருந்ததென்று அவர் வம்சம் சொல்லிக்கொள்ள முடியும்? குலத்தின் முதல்வரிடமே கேள்வி தொடங்கிவிடுகிறது.

அவர் மகன் ரிச்சர்ட் 1235இல் கோனாக்டைக் கைப்பற்றினார். பேரன் வால்டர் அல்ஸ்டரின் பிரபுவானார். கொள்ளுப்பேரன் செம்பிரபு ரிச்சர்டின் மகள் எலிசபெத், ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸை மணந்து அரசியானார். ஏறுமுகம் 1333இல் நின்றது. அவ்வாண்டு ஜூன் மாதம், இருபது வயதே ஆன அல்ஸ்டரின் மூன்றாம் பிரபு வில்லியமை கேரிக்ஃபெர்கஸ் அருகே அவருடைய சொந்த ஆட்களே வெட்டிக் கொன்றார்கள். வாரிசு, ஒரு கைக்குழந்தை. அதுவும் பெண்.

இங்கிலாந்துச் சட்டப்படி அந்தக் குழந்தைதான் அத்தனைக்கும் உரியவள். அவள் வளர்ந்து மூன்றாம் எட்வர்ட் மன்னரின் மகன் லயனலை மணந்தாள். அந்த வழியே பர்க்குகளின் உரிமை பின்னாளில் ஆங்கில முடியோடு கலந்தது. கோனாக்டில் இருந்த பர்க் பங்காளிகளோ அதற்குத் தலையாட்டவில்லை. ஐரிஷ் வழக்கப்படி நிலம் குலத்து ஆண்களுக்கு என்று சொல்லி, ஊரை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கால்வே பக்கம் ஒரு கிளை, மேயோ பக்கம் ஒரு கிளை. இரு கிளைத் தலைவர்களும் மக் வில்லியம், அதாவது வில்லியமின் மகன், என்று ஐரிஷ் பாணியில் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். ஐரிஷ் பேசினார்கள், ஐரிஷ் பெண்களை மணந்தார்கள், ஐரிஷ் நீதிமுறையை ஏற்றார்கள். சின்னக் கிளைகளில் ஜென்னிங்ஸ், கிப்பன்ஸ், பில்பின் என்று புதுப் பெயர்கள் முளைத்தன. குடியேறியவர்கள் ஐரிஷ் பேசக் கூடாது, ஐரிஷ் பெயர் வைக்கக் கூடாது, ஐரிஷ்காரரை மணக்கக் கூடாது என்று 1366இல் கில்கென்னியில் சட்டம் போட்டவர் வேறு யாருமல்ல, பர்க் வீட்டு மாப்பிள்ளையான அதே லயனல்தான். சட்டம் ஏட்டில் இருந்தது. கோனாக்டில் பர்க் குழந்தைகள் ஐரிஷில்தான் ஜெபம் சொன்னார்கள்.

பிறகு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி போப்பிடமிருந்து பிரிந்தார். கால்வே கிளையின் தலைவர் யூலிக் பர்க் 1543இல் தன் ஐரிஷ் பட்டத்தைக் கைவிட்டு, மன்னர் கையால் கிளான்ரிக்கார்ட் பிரபு என்ற பட்டத்தைப் பெற்றார். அந்த வம்சத்தின் நான்காம் பிரபு ரிச்சர்ட் கத்தோலிக்கர். அப்படியிருந்தும் 1601இல் கின்சேல் போரில் கத்தோலிக்க ஐரிஷ் தலைவர்களை எதிர்த்து ஆங்கில அரசியின் பக்கம் நின்று போரிட்டார். எலிசபெத் அரசியின் ஒற்றர் தலைவராக இருந்து கத்தோலிக்கர்களை வேட்டையாடிய வால்சிங்காமின் மகள் பிரான்சிஸ்தான் அவர் மனைவி. அந்தப் பெண்மணி கணவரின் வேதத்துக்கே மாறிக் கத்தோலிக்கரானார். வால்சிங்காமின் ரத்தம் கத்தோலிக்கக் கோயிலில் முழந்தாளிட்டது. ரத்தத்தின் வழியே நம்பிக்கை ஓடுகிறது என்பவர்கள் இந்தத் தம்பதியிடம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

17ஆம் நூற்றாண்டுப் போர்களின் முடிவில், 1691இல் ஆக்ரிம் களத்தில் கத்தோலிக்கப் படை நொறுங்கியது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் ஜான் பர்க். பின்னாளில் கிளான்ரிக்கார்டின் ஒன்பதாம் பிரபு. நிலத்தை அரசு பறித்துக்கொண்டது. 1702இல் அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பிள்ளைகள் புராட்டஸ்டன்டாக வளர்க்கப்பட வேண்டும்.

இந்த நிபந்தனையை நிதானமாகப் பார்க்க வேண்டும். தகப்பன் மதம் மாற வேண்டும் என்று அது கேட்கவில்லை. அவர் தம் கோயிலுக்குப் போகலாம், தம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். பிள்ளைகளைத்தான் அது கேட்டது. நம்பிக்கை வீட்டில்தான் கைமாறுகிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மிக நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அந்தக் கைமாற்றத்தின் நடுவில் போய் உட்கார்ந்தார்கள்.

1704ஆம் ஆண்டுச் சட்டம் அதையே எல்லாக் குடும்பங்களுக்கும் விரித்தது. கத்தோலிக்கர் இறந்தால் நிலம் மகன்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும்; தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். மூத்த மகன் மட்டும் அரசின் திருச்சபைக்கு மாறிவிட்டால், முழு நிலமும் அவனுக்கே. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அவன் மாறினால், அந்த நாள் முதல் தகப்பன் தன் சொந்த நிலத்தில் அனுபவ பாத்தியதை மட்டும் உள்ளவர்; விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. 1703இல் அயர்லாந்தின் நிலத்தில் சுமார் 14 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1770களில் அது சுமார் 5 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. மாறியவர்களின் பெயர்களை எழுதப் பதிவேடே வைத்திருந்தார்கள்; 18ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 5,500 பேர் அதில் ஏறினார்கள்.

அவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பல குடும்பங்களில் ஒருவர் மட்டும் பெயருக்கு மாறி, கத்தோலிக்கராகவே இருந்த தம்பிகளுக்கும் பங்காளிகளுக்கும் நிலத்தைக் காத்துக் கொடுத்தார். பிறர் நிலைத்து நிற்பதற்காகத் தன் ஆத்துமாவைப் பணயம் வைத்தவரை என்ன சொல்லி அழைப்பது? சமயச் சட்டம் அவரைத் தவறியவர் என்று சொல்லும். அவர் காப்பாற்றிய வீட்டில் திருப்பலி நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. இந்தச் சிக்கலில் குற்றவாளி யாரென்று தேடினால், விரல் கடைசியில் சட்டத்தை நோக்கியே திரும்பும்.

கிளான்ரிக்கார்ட் வீட்டில் நிபந்தனை பலித்தது. வாரிசுகள் புராட்டஸ்டன்ட் ஆனார்கள். 1752இல் பதினோராம் பிரபு அரச அனுமதி பெற்று, நானூறு ஆண்டுகளாக ஐரிஷ் நாவில் புழங்கித் தேய்ந்த பர்க்கை விட்டு, டி பர்க் என்ற பழைய நார்மன் வடிவத்துக்கே திரும்பினார். அதே காலத்தில் அதே பெயரோடு டப்ளினில் பிறந்த தாமஸ் பர்க் டொமினிக்கன் துறவியானார்; 1759இல் ஆசரி மறைமாவட்டத்தின் ஆயராகி, அயர்லாந்து டொமினிக்கன்களின் வரலாற்றை லத்தீனில் எழுதி 1762இல் வெளியிட்டார். அரசுக்குச் செய்யும் விசுவாசப் பிரமாணத்தை அதில் கடுமையாகத் தாக்கியதால், சக ஆயர்கள் சிலரே 1775இல் அந்த நூலைக் கைகழுவினார்கள். ஒரு பெயர், ஒரு தலைமுறை. ஒருவர் பிரபுக்கள் சபைக்கு, இன்னொருவர் தடைசெய்யப்பட்ட திருச்சபையின் பலிபீடத்துக்கு.

இந்தப் பிளவோடு ஒரே வீட்டுக்குள், ஒரே மேசையில் அமர்ந்து உண்டு வளர்ந்தவர், பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான எட்மண்ட் பர்க். 1729இல் டப்ளினில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் புராட்டஸ்டன்ட் வழக்கறிஞர். 1722ஆம் ஆண்டு மதமாற்றப் பதிவேட்டில் ரிச்சர்ட் பர்க் என்று ஒரு பெயர் இருக்கிறது. அது இவர்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தாய் மேரி நேகிள், கார்க் பகுதியின் பழைய கத்தோலிக்கக் குடும்பத்தவர். நேகிளும் நார்மன் வழி வந்த பெயர்தான். கலப்புமண வீடுகளில் அன்று ஒரு வழக்கம் இருந்தது: ஆண்பிள்ளைகள் தகப்பன் மதம், பெண்பிள்ளைகள் தாய் மதம். அப்படியே எட்மண்டும் சகோதரர்களும் புராட்டஸ்டன்டாக வளர்ந்தார்கள், சகோதரி ஜூலியானா கத்தோலிக்கராக வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தம்பிகள் ஒரு கோயிலுக்கு, சகோதரி வேறு கோயிலுக்கு. சிறுவயதில் உடல் தேறுவதற்காக எட்மண்டைத் தாய்வழி உறவினரிடம் அனுப்பினார்கள். பிளாக்வாட்டர் ஆற்றுச் சமவெளியில் நேகிள்களோடு சில ஆண்டுகள் இருந்தார். குவேக்கர் ஒருவர் நடத்திய பள்ளியில் பின்னர் படித்தார். கத்தோலிக்க மருத்துவர் நியூஜென்டின் மகள் ஜேனை மணந்தார்.

நேகிள் வீட்டின் இன்னொரு பிள்ளை நானோ நேகிள். 1718இல் பிறந்தவர். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் பள்ளி கிடையாது, வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைப்பதையும் 1695ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதை மீறித்தான் குடும்பம் அவரைப் பிரான்சுக்கு அனுப்பியது. திரும்பி வந்த நானோ, 1750களில் கார்க் நகரச் சந்து ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கள்ளத்தனமாகப் பள்ளி தொடங்கினார். கத்தோலிக்கர் பள்ளி நடத்தினால் அபராதமும் சிறையும் என்றிருந்த காலம் அது. வீட்டாருக்கே முதலில் சொல்லவில்லை. பள்ளி ஒன்று ஏழாயிற்று. இரவில் கையில் விளக்கோடு சந்து சந்தாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். 1775 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர் தொடங்கிய சபைதான் பின்னர் பிரசன்டேஷன் சபையாயிற்று. அச்சபைச் சகோதரிகள் 1842இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார்கள். ஜார்ஜ் டவுனில் அவர்கள் நட்டது வளர்ந்து, 1909இல் சர்ச் பார்க் கான்வென்டும் பிறந்தது. சென்னையில் எத்தனையோ வீட்டுப் பெண்கள் அந்தக் கதவு வழியே படித்து வெளியே வந்திருக்கிறார்கள். நானோவின் நம்பிக்கை அவர் ரத்தம் தொடாத பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்தவரும் இல்லை. அவர் கொடுத்தது அவர்களிடம் தங்கிவிட்டது.

எட்மண்ட் எடுத்த ஆயுதம் பேனா. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களைப் பற்றி 1760களில் அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட நூலில் ஒரு குற்றச்சாட்டு முன்னே நிற்கிறது: இச்சட்டம் மகனைத் தகப்பனுக்கு எதிரியாக்குகிறது. குடும்பப் பாசத்தையே உளவாளியாக்கும் சட்டம் எந்த மதத்தையும் வளர்க்காது என்பது அவர் வாதம். முன்னோர் வழிவந்தது என்பதாலேயே ஒரு நம்பிக்கைக்கு மதிப்புண்டு, அதைத் திடீரென விடச் சொல்லி வாட்டுவது அநீதி என்றும் சொன்னார். 1778இல் கத்தோலிக்கருக்குச் சற்றுச் சலுகை தந்த சட்டத்தை ஆதரித்தார். அதற்கான விலையில் ஒரு பங்கு 1780இல் பறிபோன பிரிஸ்டல் தொகுதி. அதே ஆண்டு லண்டனில் கத்தோலிக்க எதிர்ப்புக் கலவரம் வெடித்தபோது, கும்பலின் குறிகளில் அவரும் ஒருவர்.

1785 பிப்ரவரி 28 அன்று அவர் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். சென்னையில் கடன் கொடுத்தவர்கள் நவாபிடம் வட்டிக்கு வட்டி ஏற்றி, கர்நாடிக் சீமையின் விளைச்சலை உறிஞ்சிய கதை அது. பேச்சின் நடுவே செங்கல்பட்டுச் சீமையின் வரைபடத்தைக் கையில் எடுத்தார். அதில் இருந்த ஏரிகளை உட்கார்ந்து எண்ணியிருந்தார்: 1,100க்கும் மேல், இரண்டு மூன்று ஏக்கரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு வரை. இந்த ஏரிகளை வெட்டிய அரசர்களே உண்மையான அரசர்கள், இனி பிறக்கப்போகும் மக்களைத் தம் மக்களாக எண்ணிச் சொத்து எழுதிவைத்தவர்கள் என்று புகழ்ந்தார். கடல் கடந்து ஒருமுறைகூட வந்திராத மனிதர் மதுராந்தகத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நடுவில் இருந்த ஏரிகளை விரலால் தொட்டு எண்ணியிருக்கிறார் என்பது நெகிழ வைக்கிறது. தீர்மானம் தோற்றது. அவருடைய உறவினர் வில்லியம் பர்க் முன்பு தஞ்சை ராஜாவின் முகவராக இருந்தவர். நவாபின் எதிர்த்தரப்பு அது. எட்மண்டுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு என்று எதிரிகள் சொன்னதை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனாலும் அந்த ஏரிப் பகுதி, அவர் பரம்பரை என்று எதைச் சொன்னார் என்பதைக் காட்டிவிடுகிறது. சமூகம் என்பது இறந்தவர்களும் இருப்பவர்களும் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த கூட்டு என்று 1790இல் அவர் எழுதியதற்கு, அந்த ஏரிகளைவிடத் தெளிவான உதாரணம் அவரிடமே வேறில்லை.

இங்கே அவரோடு பாதி வழிதான் உடன் போக முடியும். பழையது என்பதாலேயே ஒரு நம்பிக்கைக்குப் பாதுகாப்பு உண்டு என்றால், புதிதாக ஒன்றைத் தேர்ந்துகொண்டவருக்கு என்ன பாதுகாப்பு? வால்சிங்காமின் மகளுக்கு யார் பேசுவது? பெயர் என்ற கயிறு எவ்வளவு மெல்லியது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இருபது தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் 10,48,576 மூதாதையர் இடங்கள் உண்டு. குடும்பப் பெயர் அவற்றில் ஒரே ஒரு இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. இன்று அயர்லாந்தில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்றான பர்க்கைச் சுமப்பவர், மடத்தைக் கொள்ளையடித்த வில்லியமுக்கு வாரிசு என்றால், கொள்ளைபோன ஊர்க்காரர்களுக்கும் அதே அளவு வாரிசுதான். முன்னோர் மதம் என்று அவர் எதைக் காட்டினாலும் அது அவர் பொறுக்கி எடுத்தது. எடுத்ததில் தவறில்லை. ஆனால் எடுத்தவர் அவர். அதை அவருக்காக அரசு எடுக்கக் கூடாது, திருச்சபையும் எடுக்கக் கூடாது.

திருச்சபையைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. ரோம் கொண்டுவந்த திருமண விதி 1908இல் நடைமுறைக்கு வந்தபின், அயர்லாந்தில் மகன் தந்தைக்கு, மகள் தாய்க்கு என்ற பழைய ஏற்பாடு மறைந்தது. கலப்புமணத்தில் பிறக்கும் பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கர் என்று இரு தரப்பும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அயர்லாந்து விடுதலை பெற்ற பிறகு, அந்த வாக்குறுதி சட்டப்படியும் கட்டுப்படுத்தும் என்று 1950இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957இல் வெக்ஸ்ஃபோர்ட் பகுதியில் ஃபெதர்ட் என்ற ஊரில், இந்த வாக்குறுதியை மறுத்துப் புராட்டஸ்டன்ட் தாய் ஒருவர் பிள்ளைகளோடு வெளியேறியபோது, ஊர்க் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்ட் கடைகளைப் புறக்கணித்தார்கள்; பால் வாங்கவில்லை, இசை ஆசிரியையிடம் பிள்ளைகளை அனுப்பவில்லை. 1702இல் ஜான் பர்க்கிடம் அரசு கேட்ட அதே பிள்ளைகளைத்தான் இப்போது திருச்சபை கேட்டது. துன்பப்பட்ட நினைவு ஒரு சமூகத்துக்கு எப்போதும் கருணையைக் கற்றுத் தருவதில்லை. எழுதவே வலிக்கும் உண்மை இது.

மேயோ பர்க்குகளின் வழியில் பலினா ஊரில் பிறந்தவர் மேரி ராபின்சன். பிறந்த வீட்டில் மேரி போர்க், அதே பெயரின் மேயோ வடிவம். டாக்டர் தம்பதியின் மகள், பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். 1970 டிசம்பரில் அவர் நிக்கலஸ் ராபின்சன் என்ற புராட்டஸ்டன்டை மணந்தபோது பெற்றோர் திருமணத்துக்கு வரவில்லை. சில மாதங்களில் சமாதானமானார்கள். 1990இல் அவர் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். அந்தத் திருமணம் நடந்த ஆண்டிலேயே போப் ஆறாம் பால் கலப்புமண விதியைத் தளர்த்தியிருந்தார். கத்தோலிக்கத் துணை மட்டும், பிள்ளைகளைத் தன் வேதத்தில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்களித்தால் போதும். மற்றவரிடம் கையெழுத்துக் கேட்பதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் தந்த அரசியல் சட்டப் பிரிவை ஐரிஷ் மக்கள் வாக்களித்து நீக்கினார்கள். பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்பதை இன்று அங்கே பெற்றோர் இருவரும் தம் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் சுலபமாக முடிவதில்லை.